நடக்கிறவன் எண்ணக்கூடாது

வார்த்தினி டீச்சர் ஊருக்கு வந்திருக்கிறார் என்ற செய்தி திங்கட்கிழமை காலையில் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் மர்ஜூக்கி. லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன். எங்கள் ஊரில் மூட்டையும் செய்தியும் அவன் தோளில் ஏறாமல் போனதில்லை.

ஹொஸ்னான் அப்போது உருளை இழுத்துக்கொண்டிருந்தான். உப்பு வாரி முடித்த பாத்தியின் தரையை மர உருளையால் அழுத்தி இறுக்கினால்தான் அடுத்த தண்ணீர் சேற்றுக்குள் இறங்காமல் மேலே நிற்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மாடு மாதிரி இழுக்க வேண்டும். கீழ்க்காற்று பலமாக இருந்தது. காற்றாடி கடகடவென்று சுற்றி வாய்க்கால் தண்ணீரை மேல் பாத்திக்கு ஏற்றியது. அவன் மனைவி சத்துனா வரப்பில் குந்தி, கூடையின் அறுந்த பிடிக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த டீச்சர்?" என்றாள் சத்துனா. அவள் இந்த ஊருக்கு வாழ வந்தவள்.

"ஜாவாக்கார டீச்சர். எங்களுக்கு நாலாங்கிளாஸ் எடுத்தவங்க. இங்கிருந்து போயி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு" என்றான் மர்ஜூக்கி. "இப்ப யாரு வீட்டுல இறங்கியிருக்காங்கன்னு கேளு."

"யாரு வீட்டுல?"

"ஹாஜி மொக்ஸின் வீட்டுல. அவன் காருலதான் வந்து இறங்குனாங்க. பின்கதவ அவனே தெறந்துவிட்டான். வாசல்லயே குனிஞ்சு கைய முத்துனான் பாரு, அவங்க ஆத்தாவுக்குக்கூட அப்படி முத்தியிருக்க மாட்டான்."

ஹொஸ்னான் உருளையை நிறுத்தினான்.

"இன்னொண்ணு சொல்லவா? வீடு வீடாப் போயி ஒரே கேள்வி கேக்குறாங்க. நாலாங்கிளாஸ் அளவு நோட்டு யாராவது வச்சிருக்கீங்களான்னு."

சத்துனா கயிற்றைக் கீழே போட்டாள். "வியாழக்கிழமை அளக்க வர்றாங்க. திங்கக்கிழமை நோட்டு தேடுறாங்க. அதுவும் ஹாஜி வீட்டுல தின்னுக்கிட்டு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் நீயே சொல்லு. நான் மூட்ட தூக்குறவன்" என்றான் மர்ஜூக்கி.

அளக்க வருவது வரப்பை. போன மழைக்காலத்தில் கடல் ஏறி, ஹொஸ்னான் பாத்திக்கும் மொக்ஸின் பாத்திக்கும் நடுவில் இருந்த வரப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. மழைக்காலத்தில் உப்பு கிடையாது. ஆண்கள் கடல் பாலம் தாண்டி ஜாவாவின் சுராபாயா நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவோம். ஹொஸ்னான் நான்கு மாதம் சிமென்ட் சுமந்துவிட்டுத் திரும்பியபோது புது வரப்பு நின்றது. மொக்ஸின் இயந்திரம் வைத்துப் போட்டிருந்தான். அது ஹொஸ்னான் பக்கம் தள்ளி வந்திருந்தது. தண்ணீர் உப்பாக உறையும் கடைசிப் பாத்திகள் அவனுக்கு நான்கு. அதில் இரண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அந்த இரண்டின் உப்பில்தான் மகள் ரொஹெமா மதரஸா விடுதியில் தங்கிப் படித்தாள்.

தாத்தா பெயரில் ஒரு வரிச்சீட்டு இருந்தது. அதில் எல்லை இல்லை. எங்கள் ஊரில் யாரிடமும் எல்லை போட்ட காகிதம் கிடையாது. தாத்தா காலத்தில் யாரோ வந்து, அளவு எடுக்கிறோம் என்று வெற்றுக் காகிதத்தில் கட்டைவிரல் ரேகை வாங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் வடக்குப் பாத்திகள் நூறும் போயின. அதிலிருந்து காகிதத்தைக் கண்டாலே ஊர் கையை மடக்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் டீச்சர் நாலாங்கிளாஸ் பிள்ளைகளை அவரவர் அப்பன் பாத்தியை அளந்து வரச் சொன்னார்.

அளக்க நாடா கிடையாது. கால்தான். முதலில் ஒவ்வொருவர் காலையும் கழுவச் சொல்வார். நல்ல தண்ணீர் எங்களுக்கு விலைக்கு வரும். டீச்சர் தன் குடத்திலிருந்து ஊற்றுவார். உப்பு அரித்த குதிகால் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவுவார். பிறகு சுவரோரம் நடக்கவிட்டு ஒரு காலடிக்கு எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்வார். அதன் பிறகு இரண்டு இரண்டு பேராகப் பாத்திக்கு அனுப்புவார். அதில் ஒரு சட்டம் உண்டு. நடக்கிறவன் எண்ணக்கூடாது. பக்கத்துப் பாத்திக்காரன் பிள்ளை எண்ண வேண்டும். எண்ணியவன்தான், நடந்தவன் நோட்டில் தன் கையால் எண்ணை எழுத வேண்டும்.

கடைசியாக நோட்டில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை வாங்கிவர வேண்டும். அங்கேதான் வந்தது வினை. பாதி அப்பன்மார் பிள்ளைகளைத் துரத்தினார்கள். ஹொஸ்னானின் அப்பா நோட்டை வாங்கி உப்புத் தண்ணீரில் எறிந்தார். "ஜாவாக்காரிய எவனோ அனுப்பியிருக்கான். உங்க அப்பன் பாத்திய நீயே அளந்து குடுக்குறியா?" என்று உருளைக் கயிற்றால் அடித்தார். ஹொஸ்னான் நோட்டை எடுத்துக் காயவைத்தான். அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தன் கட்டைவிரலை முக்கி, அப்பாவின் பெயருக்கு மேல் அழுத்தினான். கொண்டுபோய்க் கொடுத்தான்.

அந்த வருஷமே அவன் படிப்பு நின்றது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் உருளை இவன் இடுப்புக்கு வந்தது. யாரோ ஒரு பையனிடம் டீச்சர் நோட்டைக் கொடுத்தனுப்பினார். அம்மா, குரு கைபட்ட காகிதம் காலில் படக்கூடாது என்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரை உத்திரத்துக்கு மேல் சொருகிவைத்தாள். ஹொஸ்னான் இன்றுவரை அதைத் திறக்கவில்லை. உள்ளே இருப்பது தன் திருட்டு என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சத்துனாவிடம்கூடச் சொன்னதில்லை.

*

செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் அவன் வீட்டுக்கு வந்தார். குடையும் தோல்பையுமாக, முடி முழுக்க நரைத்து, முட்டிவலியால் ஒரு காலைச் சாய்த்து நடந்தார். குரல் மட்டும் மாறவில்லை. எங்கள் பேச்சை ஜாவாக்காரர்கள் மாதிரி மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கழுவிக் கழுவி எடுத்துவைப்பார்.

ஹொஸ்னான் எழுந்து நின்றான். குனிந்து கையை முத்தியிருக்க வேண்டும். அவன் கை சட்டையைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. டீச்சர் அதைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி பாயில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுற நேரத்துல வந்துட்டேனோ."

"உட்காருங்க டீச்சர். சோளச்சோறும் முருங்கக்கீரையும்தான். ஹாஜி வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இது இறங்குமோ என்னவோ" என்றாள் சத்துனா.

"போடும்மா. கருவாடு இருக்கா?"

இருந்தது. மிளகாய்ச் சம்பாலும் இருந்தது. டீச்சர் கையால் பிசைந்து சாப்பிட்டார். அவர் வாயைச் சத்துனா கவனித்தாள். அவர் கண் எங்கே போகிறது என்று ஹொஸ்னான் கவனித்தான். அது அவன் குதிகாலில் நின்றது.

"வெடிப்பு அப்படியே வச்சிருக்க. எண்ணெ தடவுறதில்லயா?"

"எண்ணெ தடவுற காலுக்கு உப்பு அமையாது டீச்சர்."

"அது உங்கப்பா சொன்னது. நீ என்ன சொல்ற?"

சத்துனாதான் நேராக இறங்கினாள். "ஹாஜிதான் உங்களக் கூட்டிட்டு வந்தாரா?"

"ஆமா. ஜாவாவுக்கே வந்தான். ரெண்டு கூடை பழம் வாங்கிட்டு வந்தான்."

"எதுக்கு?"

"ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டான்."

டீச்சர் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"போட்டுட்டீங்களா?"

"ஊரப் பாக்காமப் போட மாட்டேன்னேன். அதான் கூட்டிட்டு வந்திருக்கான்." பிறகு ஹொஸ்னானைப் பார்த்துக் கேட்டார். "உன் அளவு நோட்டு இருக்கா?"

"கரையான் தின்னுடுச்சு டீச்சர்."

"ஆமாமா, தின்னுடுச்சு" என்றாள் சத்துனா. "நான்தான் கூட்டித் தள்ளுனேன்."

டீச்சர் கையைக் கழுவினார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "மொக்ஸினும் தன் நோட்டக் கரையான் தின்னுடுச்சுன்னுதான் சொன்னான்" என்றார். "இந்த ஊருக் கரையானுக்கு நல்ல படிப்பு."

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தார். "வியாழக்கிழமை நானும் வருவேன். நீ கால மட்டுமாவது கொண்டு வா."

அவர் தலை மறைந்ததும் சத்துனா வாசல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா வச்ச எடம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? மேல பாத்தாங்கல்ல?"

"எல்லா வீட்டுலயும் அங்கதான வைப்பாங்க."

"அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு ஏன் கேக்கல நீங்க?"

"கேட்டா சொல்லிருப்பாங்களா?"

"கேக்காம எப்படித் தெரியும்? வாய உப்புல போட்டு வச்சிருக்கீங்களா?"

*

புதன்கிழமை உப்பு வாரும் நாள். விடிவதற்குள் இறங்கி, மரப்பலகையால் உப்பைத் தள்ளிக் குவித்து, தண்ணீர் வடியவைத்து, வெயில் ஏறுவதற்குள் காவடியில் தூக்கி மேட்டில் கொட்ட வேண்டும். இரண்டு பாத்திதான் என்பதால் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. அப்படிச் சீக்கிரம் முடிந்ததே இருவருக்கும் வயிற்றெரிச்சலாக இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் மொக்ஸினின் ஆட்கள், போன பருவம்வரை இவர்களுடையதாக இருந்த பாத்தியில் உப்பு தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சத்துனா நாற்காலியில் ஏறி உத்திரத்திலிருந்து பையை எடுத்தாள்.

"வைடி அத."

"ஊரே இதத் தேடுது. ஹாஜிக்கு இது ஆகாதுன்னா நமக்கு ஆகும். இந்தாங்க, படிங்க. எனக்கு அரபு எழுத்துதான் தெரியும்."

"அதுல இருக்குறது நமக்கு ஆகாது."

"ஏன்?"

சொல்லிவிட்டான். கரி, எண்ணெய், கட்டைவிரல், அப்பாவின் பெயர் எல்லாம் சொன்னான். சத்துனா நாற்காலியில் நின்றபடியே கேட்டாள். சிரிப்பாளோ என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"பத்து வயசுல திருட்டு ரேகையா? அது டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா. அப்பா விரல் இந்த அகலம். என்னோடது கருவாட்டுத் தல மாதிரி இருக்கும்."

"அப்போ அதான். அதுக்குத்தான் தேடுறாங்க. குடும்பமே பொய் ரேகை வைக்கிற குடும்பம்னு காட்டிட்டா வரிச்சீட்டும் பொய்யின்னு ஆயிடும். அதுக்குத்தான் அவங்களக் காரு வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கான்." அவள் இறங்கினாள். "அடுப்புல போட்டுடவா?"

ஹொஸ்னான் நோட்டை வாங்கினான். நடுப்பக்கம் தானாகத் திறந்தது. உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்ததால் பக்கங்கள் அப்பளம் மாதிரி மடங்கியிருந்தன. பாத்திப் படம். கீழே கறுப்பாகச் சின்ன ரேகை. அதைச் சுற்றி டீச்சரின் சிவப்பு மை, நெருக்கமாக. சிவப்பு மை என்றால் திட்டுதான். மூடிவிட்டான்.

"போடவா வேண்டாமா?"

"அம்மா வச்சது. இருக்கட்டும்."

*

வியாழக்கிழமை கிராம எழுத்தர் நாடாவோடு வந்தார். மொக்ஸின் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் புதுச் சாரமுமாக, டீச்சருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். மர்ஜூக்கியும் இன்னும் பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஹொஸ்னான் நோட்டைச் சாரத்து மடிப்பில் சொருகி மேலே சட்டையை இழுத்துவிட்டிருந்தான். எதற்கு எடுத்துவந்தான் என்று அவனுக்கே தெளிவில்லை. வீட்டில் விட்டுவந்தால் சத்துனா எரித்துவிடுவாள் என்பது ஒன்று.

ஹொஸ்னான் நிலத்தின் மேற்குக் கோடியில் பவளக்கல் மடை ஒன்று இருக்கிறது. அதைக் கடலும் அசைத்ததில்லை. எழுத்தர் நாடாவின் முனையை அங்கே வைத்து, கிழக்கே புது வரப்புவரை இழுத்தார். இருபது மீட்டர்.

"வரப்பு எப்பவும் இங்கதான் இருந்துச்சு" என்றான் மொக்ஸின். "நான் பழைய எடத்துலதான் போட்டேன். அல்லாவுக்குத் தெரியும்."

"அல்லா சாட்சிக்கு வர்றதுக்குள்ள உப்பு கரைஞ்சிடும்" என்றான் மர்ஜூக்கி. யாரோ சிரித்தார்கள்.

எழுத்தர் ஹொஸ்னானிடம் திரும்பினார். "உன் பக்கம் என்ன இருக்கு? காகிதம் ஏதாவது?"

ஹொஸ்னான் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சட்டையைத் தூக்கி நோட்டை எடுத்தான். மொக்ஸின் முகம் சுருங்கியது.

"முதல்லயே சொல்லிடுறேன்" என்றான் ஹொஸ்னான். "இதுல உள்ள ரேகை எங்கப்பாவோடது இல்ல. அவரு வைக்க மாட்டேன்னாரு. நான் வச்சேன். திருட்டு ரேகை. அத வேற யாரும் கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டாம்."

சத்துனா முகத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா!" என்றான் மொக்ஸின். "அவன் வாயாலயே சொல்லிட்டான். டீச்சர், இதுக்கு மேல என்ன? அந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

"மொக்ஸின், அந்தச் சிவப்பு மைய வாசி" என்றார் டீச்சர்.

"நானா?"

"நீதான் நல்லா வாசிப்ப."

மொக்ஸின் நோட்டை வாங்கினான். கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் அதே குரலில் வாசித்தான். "இந்த ரேகை தகப்பனாருடையது அல்ல. ஹொஸ்னானுடையது. எனக்குத் தெரியும். அளந்தவன் தன் விரலை வைத்திருக்கிறான் என்பதால் அளந்தவனின் ரேகையாக ஏற்றுக்கொள்கிறேன். முழு மதிப்பெண். ஹொஸ்னானின் காலடி நாற்பத்தைந்து சென்டிமீட்டர். மடைக்கல்லிலிருந்து கிழக்கு வரப்புவரை காலடிகள்..."

நின்றுவிட்டான்.

"எத்தன?" என்றார் எழுத்தர்.

"இது டீச்சர் எழுதுனது இல்ல. பென்சில்ல இருக்கு."

"யாரு எழுதுனதோ, எத்தன?"

மொக்ஸின் நோட்டை மூடப் பார்த்தான். ஹொஸ்னான் அவன் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினான். மொக்ஸின் சொல்லப்போகும் எண்ணை நம்ப அவன் தயாரில்லை. தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தான். சிவப்பு மை வரிக்கு நடுவில் பென்சிலில் பெரிதாக 64. கீழே, எண்ணியவன் மொக்ஸின்.

மர்ஜூக்கி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்து அரைகுறை. எண் நன்றாகத் தெரியும்.

"இந்த நாலு எனக்குத் தெரியுமே" என்றான். "குப்புறக் கவுத்த நாற்காலி மாதிரி, கால் ஒண்ணு நீளமா. இருபது வருசமா இந்த நாலத்தான் முதுகுல சுமக்குறேன். ஹாஜி மூட்டையில எல்லாம் இவரு கையால பெயின்ட்ல போடுற நாலு இதுதான். அன்னைக்கும் இப்படியேதான் போட்டிருக்காரு."

இந்தத் தடவை சிரிப்பு வரப்பு முழுக்க ஓடியது. மொக்ஸின் மட்டும் சிரிக்கவில்லை. "பச்சப்புள்ளைங்க வெளாட்டு" என்றான்.

எழுத்தர் கைபேசியில் கணக்குப் போட்டார். அறுபத்து நாலு தடவை நாற்பத்தைந்து. இருபத்தெட்டு மீட்டர் எண்பது. நாடா மறுபடி நீண்டு, புது வரப்பின் மேல் ஏறி இறங்கி, மொக்ஸின் ஆட்கள் நேற்று உப்பு வாரிய பாத்திக்குள் போய் நின்றது.

"தோண்டிப் பாருங்க" என்றார் டீச்சர். "அந்தக் காலத்துல வரப்புக்கு அடியில பனங்கட்டை அடிச்சிருப்பாங்க."

மொக்ஸினின் ஆளே மண்வெட்டி எடுத்தான். முழங்கால் ஆழத்தில் இரும்பு எதிலோ இடித்தது. சேற்றை விலக்கினால் பனங்கட்டையின் தலை. ஒரு கை தள்ளி இன்னொன்று. வரிசையாக, கறுப்பாக, உப்பில் ஊறிக் கல்லாகி நின்றன.

எழுத்தர் நாடாவைக் கட்டையின் தலையில் வைத்துச் சரிபார்த்தார்.

"டீச்சர், எங்க வீட்டுல தின்னீங்க" என்றான் மொக்ஸின். குரல் தாழ்ந்திருந்தது.

"தின்னேன். உன் பொண்டாட்டி கைமணம் நல்லாருந்துச்சு. இன்னைக்கு மத்தியானமும் உன் வீட்டுலதான் சாப்பிடுவேன். நீயும் என் புள்ளதான்." அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடித்துப் பிடித்தார். "அன்னைக்கு நீ எழுதுன அறுபத்து நாலத் திருத்தாம அப்படியே வச்சேன். நீ சரியா எண்ணியிருந்த. அதுக்கு உனக்கும் முழு மதிப்பெண் போட்டேன். மறந்துட்டியா?"

மொக்ஸின் குடையை மடக்கினான். விரித்தான். மறுபடி மடக்கினான்.

டீச்சர் அந்தக் காகிதத்தின் வெற்றுப் பக்கத்தில் எழுதினார். மடைக்கல்லிலிருந்து பனங்கட்டைவரை இருபத்தெட்டு மீட்டர் எண்பது. இரண்டு பக்கத்தாரும் கூடப் பார்த்தது. எழுத்தர் மைப்பெட்டியை நீட்டினார். மொக்ஸின் கட்டைவிரலை முக்கி, யாரையும் பார்க்காமல் அழுத்தினான்.

ஹொஸ்னான் விரலை மையில் வைத்தான். காகிதம்வரை கொண்டுபோனான். எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"என்னப்பா நீ" என்றார் எழுத்தர். "உனக்குத்தான் நல்லது நடக்குது. வை."

"அந்தப் பக்கம் ஏதோ டைப் அடிச்சிருக்கு. நான் படிக்கணும்."

"வெயிலு மண்டையப் பொளக்குது."

"படிக்கட்டும்" என்றார் டீச்சர்.

ஹொஸ்னான் காகிதத்தைத் திருப்பினான். நாலாங்கிளாஸோடு நின்ற படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, சத்தமாக வாசித்தான். கீழே கையொப்பமிடும் வார்த்தினி ஆகிய நான், என் மாணவர்களின் அளவு நோட்டுகளில் உள்ளவை வெறும் விளையாட்டுப் பயிற்சி என்றும், உண்மையான எல்லைகள் அல்ல என்றும் உறுதி கூறுகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் போகவில்லை. டீச்சரும் வெயிலில் நின்றார். மொக்ஸின் குடையை அவர் பக்கம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

ஹொஸ்னான் எழுத்தரிடம் பேனா வாங்கினான். டைப் அடித்த பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை கோடு இழுத்தான். இன்னொரு கோடு குறுக்கே. பிறகு திருப்பி, ரேகை வைத்தான்.

"நீங்க என்ன நெனச்சு வந்தீங்கன்னு எனக்கு இன்னும் புரியல டீச்சர்" என்றான்.

"புரிய வேண்டாம். நம்பச் சொல்லி நான் எந்தக் காலத்துலயும் உங்களக் கேட்டதில்ல. எண்ணத்தான் சொன்னேன்."

அவன் குனிந்து அவர் கையை எடுத்து முத்தினான். விரல் மை அவர் புறங்கையில் நீலமாக ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை. சாயங்காலம் மொக்ஸின் காரிலேயே ஜாவாவுக்குத் திரும்பினார். கார் பனைமரங்களுக்குப் பின்னால் மறையும்வரை ஹொஸ்னான் வரப்பில் நின்று பார்த்தான். மொக்ஸின் வழியில் என்ன பேசுவானோ என்ற எண்ணம் அப்போதும் அவனை விடவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மண்வெட்டியும் புதுக் கட்டைகளுமாகச் சத்துனாவோடு பாத்திக்கு வந்தான். முதல் கட்டையை அடிக்கும் முன் மடைக்கல்லுக்குப் போய் நின்றான்.

"என்ன?" என்றாள் சத்துனா.

"என் காலடி இப்ப எழுபத்திரண்டு சென்டிமீட்டர். நாடா வச்சுப் பாத்தேன். கட்டைவரைக்கும் நாப்பது காலடி வரணும்."

"ஊரே பாத்து எழுதியாச்சு. இன்னும் என்ன?"

"ஊரு பாத்தது ஊருக்கு. நான் நடக்குறேன். நீ எண்ணு."

"நீங்களே எண்ண வேண்டியதுதான. வாய் இருக்குல்ல."

"நடக்கிறவன் எண்ணக்கூடாது."

சத்துனா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் குந்தினாள். எழுதத் தெரியாததால், அவன் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் ஈரச் சேற்றில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். அவன் பனங்கட்டையருகே போய் நின்று திரும்பிப் பார்த்தான்.

"எத்தன?"

"இருங்க" என்றாள் அவள். முதல் கோட்டிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.